குமரிக் கடற்கரையில் இரண்டு இரவு கூடாரம்: எங்கே அடிப்பது, எப்படி நிறுத்துவது?

தோவாளைப்பூ:

எல்லாருக்கும் வணக்கம். நாங்கள் 4 பேர். இருவர் படுக்கும் டோம் கூடாரம் 2 கைவசம் இருக்கிறது. ஜனவரி கடைசி வாரம் நம் மாவட்டக் கடற்கரையில் தொடர்ந்து இரண்டு இரவு தங்கத் திட்டம். வெளிநாடுகளில் ஆளில்லாத கடலோரத் தேசியப் பூங்காக்களில் எண் போட்ட இடம், குழிக் கழிப்பறை, அடுப்பு மேடை எல்லாம் இருக்கின்றன. முன்பதிவு செய்துவிட்டுப் போய் இறங்கினால் போதும். இங்கே அப்படி ஏதாவது உண்டா? இல்லையென்றால் எந்தக் கரை நல்லது, யாரிடம் கேட்க வேண்டும்?

இன்னொன்று: கூடாரத்தோடு வந்த முளைக்குச்சிகள் ஒரு சாண் நீளம்தான். மணலில் விரலால் இழுத்தாலே வந்துவிடுகின்றன. அதற்கு வழி வேண்டும். தண்ணீர், சமையல், கழிப்பறை பற்றியும் அளவோடு சொன்னால் உதவியாக இருக்கும். எங்களில் இருவருக்கு நீச்சல் தெரியாது.

---

முள்ளுவிளை:

முதல் கேள்விக்கு நேரடியாகச் சொல்கிறேன்: நம் மாவட்டக் கடற்கரையில் தேசியப் பூங்காவும் இல்லை, அரசு நடத்தும் முகாம் மைதானமும் இல்லை. கன்னியாகுமரி வனவிலங்குச் சரணாலயம் ஏறத்தாழ 402 சதுர கிலோமீட்டர் பரந்தாலும் அது முழுக்க மலைப்பக்கம். வனத்துறை அனுமதியில்லாமல் உள்ளே போவதே குற்றம். பக்கத்தில் உள்ள கடல்சார் தேசியப் பூங்கா மன்னார் வளைகுடாதான். 1986-இல் அறிவிக்கப்பட்டது, தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையே 21 தீவுகள். அந்தத் தீவுகளில் இரவு தங்க முடியாது.

அதனால் நீங்கள் தேடும் 'ஆளில்லாத கரை' இங்கே கிடையாது. நீரோடியிலிருந்து ஆரோக்கியபுரம் வரை ஏறத்தாழ 71 கிலோமீட்டர் கரையில் நாற்பதுக்கும் மேற்பட்ட மீனவ ஊர்கள் அடுத்தடுத்து இருக்கின்றன. காலியாகத் தெரிகிற மணல் பெரும்பாலும் யாரோ ஒருவருடைய வேலைத்தளம். அதிகாலை 3 மணிக்கு வள்ளம் ஏறும், கரமடி (கரையிலிருந்து இழுக்கும் பெருவலை) இழுப்பார்கள், வலை காயப்போடுவார்கள். செடிகொடி இல்லாமல் வழவழப்பாக, அங்கங்கே உருட்டுக்கட்டையும் கயிறும் கிடக்கிற மணலைக் கண்டால் அது வள்ளம் ஏற்றி இறக்கும் பாதை. அங்கே கூடாரம் அடித்தால் அவர்கள் பிழைப்பை மறித்ததாகும்.

என் ஆலோசனை இதுதான்: பகலை மணலில் கழியுங்கள், இரவில் முதல் வரிசைத் தென்னைக்குப் பின்னால் படுங்கள். கடலோரத் தென்னந்தோப்பு ஒன்றின் உரிமையாளரிடம் கேட்டுத் தோப்புக்குள் கூடாரம் அடிப்பது எல்லா வகையிலும் மேல். அலை வராது, முளை பிடிக்கும், கிணறு இருக்கும், பெரும்பாலும் ஒரு கழிப்பறையும் இருக்கும். சட்டப்படியும் அது தனியார் இடத்தில் அனுமதியோடு தங்குவது. கடல் புறம்போக்கில் இரவில் தங்கினால் ரோந்து வரும் போலீசார் எழுப்பி அனுப்ப வாய்ப்பு அதிகம்.

தோப்புக்காரர் சம்மதித்த பிறகும் இரண்டு இடத்தில் சொல்லுங்கள். ஒன்று, அந்தப் பகுதிக் காவல் நிலையம்: பெயர், செல்பேசி எண், வண்டி எண், எத்தனை இரவு, யாருடைய தோப்பு என்று ஒரு பக்கக் கடிதம், ஆதார் நகல்களோடு. ஒரு நகலில் முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு, ஊர்: மீனவ ஊர்களில் தேவாலயப் பங்குப் பேரவை, மற்ற இடங்களில் ஊர்க் கமிட்டி. அந்நியர் யார் என்று ஊருக்குத் தெரிந்துவிட்டால் பாதிப் பிரச்சினை வராது. அவசரத்துக்கு ஊர்க்காரர்கள்தான் முதலில் ஓடி வருவார்கள், அதனால் இதைச் சடங்காக நினைக்க வேண்டாம்.

தேதியைச் சற்றுத் தள்ளிப் போடுங்கள். ஜனவரி 26-ஐ ஒட்டிக் கடலோரச் சோதனை கூடுதலாக இருக்கும். பிப்ரவரி முதல் இரண்டு வாரம் நல்லது. மாசி பிறந்ததும் மண்டைக்காடு கோயில் கொடைவிழா வரும். அந்தப் பத்து நாளும் அந்தப் பக்கக் கரையில் கூட்டம் தாங்காது.

---

கடலடி:

முள்ளுவிளை அண்ணன் சொன்னதோடு ஒத்துப்போகிறேன். கரையைத் தேர்ந்தெடுப்பதை மட்டும் விரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் உயிர் போவது அதில்தான்.

காற்றைப் பாருங்கள். ஜனவரி, பிப்ரவரியில் வாடைக்காற்று. அது மேற்குக் கரைக்கு (முட்டம், குளச்சல், தேங்காப்பட்டணம் பக்கம்) நிலத்திலிருந்து வரும், கடல் அடங்கியிருக்கும். சின்னமுட்டம் முதல் வட்டக்கோட்டை வரையான கிழக்குப் பக்கத்துக்கு அதே காற்று கடலிலிருந்து அடிக்கும். இரவெல்லாம் கூடாரத் துணி படபடக்கும். ஆகவே இந்த மாதங்களில் மேற்கு. ஜூன் முதல் செப்டம்பர் வரை எந்தப் பக்கமும் வேண்டாம். மேற்கே கச்சான் காற்றும் பேரலையும் மணலை அரித்துத் தின்னும். கிழக்கே ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று, முப்பந்தலில் காற்றாலைகளைச் சுற்றுகிற அதே காற்று, கூடாரக் கம்பியை ஒடித்துவிடும்.

அடுத்தது அலை. நம் கரையில் ஏற்ற இறக்கத்தின் உயர வித்தியாசம் பெரிதல்ல, ஒரு மீட்டரை ஒட்டியே இருக்கும். அமாவாசை, பவுர்ணமியில் கொஞ்சம் கூடும். அதனால் 'ஏற்ற நேரம் பார்த்தோம், போதும்' என்று நினைப்பவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். இங்கே மேலே ஏறி வருவது அலையின் ஓட்டம். குறிப்பாகக் கள்ளக்கடல். தெற்கு இந்தியப் பெருங்கடலில் எங்கோ அடித்த புயலின் அலை பல நாள் பயணம் செய்து இங்கே வந்து சேரும். அப்போது நம் வானம் தெளிவாக இருக்கும், காற்றும் இருக்காது. எந்த அறிகுறியும் இல்லாமல் நீர் கரைமேல் ஏறும். ஏப்ரல், மே மாதங்களில் அதிகம், ஆனால் ஜனவரியிலும் எச்சரிக்கை வந்ததுண்டு. 2024 மே 6 அன்று கணபதிபுரம் பக்கத்து லெமூர் கடற்கரையில் 5 மருத்துவ மாணவர்களை அலை கொண்டுபோனது. கள்ளக்கடல் எச்சரிக்கை நடப்பில் இருந்த நாட்கள் அவை.

ஆகவே புறப்படும் முன்னும், தங்கும் ஒவ்வொரு மாலையும் இன்காய்ஸ் (கடல் நிலையைக் கணிக்கும் மத்திய அரசு மையம்) முன்னறிவிப்பைப் பாருங்கள். 'சமுத்ரா' செயலியில் கிடைக்கும். அலை உயரத்தை மட்டும் பார்க்காதீர்கள். இரு அலைகளுக்கு இடையிலான விநாடியைப் பாருங்கள். 8, 10 விநாடி என்றால் வழக்கமான உள்ளூர் அலை. 15-ஐத் தாண்டினால் உயரம் ஒரு மீட்டர்தான் என்று போட்டிருந்தாலும் அந்த அலை கரையில் வெகுதூரம் ஏறும். சிவப்பு எச்சரிக்கை இருந்தால் பயணத்தைத் தள்ளிப் போடுங்கள்.

கரைக்குப் போனதும் மணலைப் படியுங்கள். கடைசி அலை விட்டுப்போன குப்பை வரி தெரியும்: நுரை, சிரட்டை, வலைத் துண்டு. அதற்கு மேலே பழைய வரி ஒன்று காய்ந்து கிடக்கும். அதற்கும் மேலேதான் அடம்பங்கொடியும் இராவணன் மீசைப் புல்லும் தொடங்கும். கொடி படர்ந்திருக்கிறது என்றால் அலை அங்கே அரிதாகத்தான் வருகிறது. அரிதாக வரும், வராது என்று அர்த்தமல்ல. கொடிப் பரப்பையும் தாண்டி முப்பது தப்படி உள்ளே போங்கள். கொடிமேல் கூடாரம் அடிக்கவும் வேண்டாம், மணலைப் பிடித்து நிறுத்துவதே அதுதான்.

தவிர்க்க வேண்டிய இடங்கள்:

பொழி, அதாவது ஆறு கடலில் சேரும் வாய். பன்றிவாய்க்கால் சேரும் ராஜாக்கமங்கலம் துறை, வள்ளியாறு சேரும் கடியபட்டணம், பழையாறு சேரும் மணக்குடி, குழித்துறையாறு சேரும் தேங்காப்பட்டணம், எதுவானாலும். கோடையில் பொழி மூடி, அழகான மணல் திட்டாக நிற்கும். ஒருபக்கம் ஆறு, ஒருபக்கம் கடல் என்று படமெடுக்க அருமையான இடம். உள்ளே நீர் ஏறினால் அது தானாக உடையும், அல்லது ஊர்க்காரர்கள் வெட்டிவிடுவார்கள். உடையும்போது விளிம்பு மணல் பாளம் பாளமாகச் சரியும். மணக்குடி கூடுதலாகப் பறவைகளுக்கான காப்பிடம், கண்டல் காடு. அங்கே இரவுத் தங்கலே தவறு.

அலைத்தடுப்புச் சுவர். கல்லுக்கும் கடலுக்கும் நடுவில் போகவே கூடாது. சுவருக்கு உள்பக்கம் ஒட்டியும் வேண்டாம். பெரிய அலை கல்லைத் தாண்டி நீரை வீசும், சின்னக் கற்களும் கூட வரும். தூண்டில் வளைவின் (கடலுக்குள் நீளும் கல்வரிசை) மேல் இரவில் ஏறாதீர்கள். பாசி வழுக்கும், இரண்டு கல்லுக்கு நடுவே கால் மாட்டினால் ஒருவரால் எடுக்க முடியாது. தூண்டில் வளைவின் ஓரமாகவே கடலுக்குள் இழுக்கும் நீவாடும் (நீரோட்டம்) ஓடும்.

முட்டம் பக்கத்துச் செம்மண் மேடு. விளிம்பிலிருந்து கடல் பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் அடியில் மழைநீர் அரித்த பள்ளங்கள் இருக்கும், மேலிருந்து பார்த்தால் தெரியாது.

குளிப்பது பற்றி: நீச்சல் தெரிந்த இருவருக்கும் சேர்த்தே சொல்கிறேன், முழங்காலுக்கு மேல் வேண்டாம். நம் கரைகள் பலவும் செங்குத்து. நாலு அடி வைத்தால் தரை இறங்கிவிடும், அலை கரையிலேயே உடைந்து காலை வாரும். காலியான 20 லிட்டர் தண்ணீர் கேனை மூடி இறுக்கி, கைப்பிடியில் 20 மீட்டர் கயிறு கட்டிக் கரையில் தயாராக வையுங்கள். ஏறத்தாழ 19 கிலோ மிதப்பு கொடுக்கும், ஒரு ஆளைத் தாங்கும். ஒருவர் இழுபட்டால் மற்றவர் பாயாமல் இதை வீசுங்கள். எண்கள்: 112, ஆம்புலன்ஸ் 108, கடலோரப் பாதுகாப்புக் குழுமம் 1093, கடலோரக் காவல்படை 1554.

---

பத்து_எம்எம்:

முளை விஷயம் என்னிடம் விடு மக்கா. இரண்டு விதமாகச் சொல்கிறேன்: தோப்புக்கு ஒன்று, மணலுக்கு ஒன்று.

முதலில் எவ்வளவு விசை வரும் என்று தெரிந்தால்தான் எதைச் செய்வது என்று புரியும். உன் கூடாரத்தின் பக்கவாட்டுப் பரப்பு இரண்டரை சதுர மீட்டர் என்று வை. காற்று மணிக்கு 40 கிலோமீட்டர் அடித்தால் அதன் மேல் ஏறத்தாழ 19 கிலோ எடை அளவு தள்ளும். 60 ஆனால் அது 42 கிலோ. வேகம் ஒன்றரை மடங்கானால் தள்ளல் இரண்டேகால் மடங்கு. கடையில் வந்த குச்சி உலர்ந்த மணலில் இரண்டு மூன்று கிலோவுக்கே வந்துவிடும்.

தோப்புக்கு: ஹார்டுவேர் கடையில் 10 எம்எம் முறுக்குக் கம்பி வாங்கி 30 சென்டிமீட்டர் துண்டுகளாக அறுக்கச் சொல்லு. தலைப்பக்கம் நாலு சென்டிமீட்டரைக் கொக்கி போல வளைத்துத் தரச் சொல்லு. ஒரு கூடாரத்துக்கு 8, இரண்டுக்கும் 16. ஒன்று 185 கிராம் வரும், மொத்தம் மூன்று கிலோ. கூடாரத்தை நோக்கிச் சாயாமல், எதிர்ப்பக்கம் தலை சாய்ந்திருக்குமாறு அடி. வெளியே நிற்கும் கொக்கியில் பழைய தண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்து வை. இரவில் கால் கிழிவது இதில்தான்.

மணலுக்கு: குச்சியை மற. சாக்கைப் புதை. 10 கிலோ அரிசி வந்த நெய்த பிளாஸ்டிக் சாக்கு ஒரு கூடாரத்துக்கு 6: நாலு மூலைக்கு நாலு, காற்று வரும் பக்கம் இழுகயிறுக்கு இரண்டு. முக்கால் சாக்கு மணல் நிரப்பு. கயிற்றை வாயில் கட்டாதே, இடுப்பில் கட்டு. வாயில் கட்டினால் இழுவிசை வந்ததும் சாக்கு நிமிர்ந்து, முனைப்பக்கமாக மணலைக் கிழித்துக்கொண்டு மேலே வந்துவிடும். இடுப்பில் கட்டினால் படுத்தபடியே முழு அகலத்தோடு மணலைத் தாங்கி நிற்கும். குழி ஒரு முழ ஆழம், 45 சென்டிமீட்டர். சாக்கு கூடாரத்துக்குக் குறுக்காகப் படுக்கணும்.

இங்கேதான் பலர் கோட்டை விடுவது: குழியிலிருந்து கூடாரம் நோக்கிக் கயிறு வருவதற்குச் சாய்வாக ஒரு வாய்க்கால் வெட்டணும். வெட்டாமல் மூடினால் கயிறு நேராக மேலே வந்து அப்புறம் வளையும். அப்போது இழுத்துக் கட்டினால் விறைப்பாகத்தான் தெரியும். இரவில் காற்றில் ஆட ஆடக் கயிறு மணலை அறுத்துக்கொண்டு நேராகும், ஒரு சாண் தளர்ந்துவிடும். அப்புறம் துணி அடிக்கும், கம்பி இணைப்பு விலகும். வாய்க்கால் வெட்டி, மூடும்போது நனைந்த மணல் போட்டு மிதித்துவிட்டால் அந்தத் தொல்லை இல்லை.

கயிறு 4 எம்எம் போதும். நைலான் வேண்டாம், பனியில் நனைந்தால் நீளும். பாலியஸ்டர் கேட்டு வாங்கு. நைலான்தான் இருக்கிறது என்றால் இரவு 9 மணிக்கு மேல் ஒருமுறை எல்லாவற்றையும் இழுத்துக் கட்டு.

கிளம்பும்போது சாக்கைத் தோண்டி எடுத்து மணலைக் கொட்டிவிட்டுச் சாக்கைக் கையோடு கொண்டு போ. புதைத்துவிட்டு வந்தால் வெயிலில் நைந்து நாராகி வலையிலும் ஆமை வயிற்றிலும்தான் போய்ச் சேரும்.

வாசல் எந்தப் பக்கம் என்று மதியம் முடிவு செய்யாதே. பகலில் கடல்காற்று, இரவு பத்துக்கு மேல் நிலக்காற்று, திசை மாறிவிடும். படுக்கும் நேரத்துக் காற்றுக்கு முதுகு காட்டுகிற மாதிரி வை. மேற்குக் கரையில் பிப்ரவரியில் அப்படிப் பார்த்தால் வாசல் கடலைப் பார்க்கத்தான் வரும், உனக்கும் அதுதானே வேண்டும்.

---

தோவாளைப்பூ:

மிக்க நன்றி அண்ணன்மாரே. தோப்பு என்று முடிவு செய்துவிட்டோம். தேங்காய் விழாதா? கயிற்றைத் தென்னையிலேயே கட்டலாமா? மணவாளக்குறிச்சி பக்கம் ஒரு தோப்பு கிடைக்கும் போலிருக்கிறது. கருமணலில் கதிர்வீச்சு என்கிறார்களே, அங்கே இரண்டு இரவு படுக்கலாமா?

---

முள்ளுவிளை:

தேங்காய் விழும். அதனால் தோப்புக்காரரிடம் 'கடைசி வெட்டு எப்போது?' என்று கேளுங்கள். பொதுவாக நாற்பத்தைந்து நாளுக்கு ஒருமுறை வெட்டுவார்கள். வெட்டு முடிந்த வாரம் போனால் முற்றிய காய் மரத்தில் இருக்காது. ஒழுங்காக நட்ட தோப்பில் மரத்துக்கு மரம் ஏழரை மீட்டர் இருக்கும். நாலு மரத்துக்கு நடுப்புள்ளி ஒவ்வொரு தூரிலிருந்தும் ஐந்து மீட்டருக்குச் சற்று மேல். காய் தூரை ஒட்டித்தான் விழும், மட்டைதான் காற்றில் தள்ளி விழும். ஆகவே நடுவில் அடியுங்கள், அதோடு அண்ணாந்து பார்த்துக் காய்ந்த மட்டை தொங்குகிறதா என்றும் கவனியுங்கள். கடலோர மரங்கள் கடல் பக்கம் சாய்ந்து வளரும். தூரை மட்டும் பார்த்து இடம் அளக்காதீர்கள், கொண்டைக்கு நேர்கீழ் எது என்று பாருங்கள்.

தென்னையில் கயிறு சுற்றிக் கட்டலாம், ஆணி மட்டும் வேண்டாம். காயத்தின் வாசனைக்குச் சிவப்புக் கூன்வண்டு வந்து முட்டையிடும். அதோடு மரம் போயிற்று. கதம்பை (தேங்காய் மட்டை) குவியல், அடுக்கிய ஓலை இவற்றிலிருந்து பத்து மீட்டராவது தள்ளி இருங்கள். தேளும் விரியனும் தங்குமிடம் அது. செருப்பைக் கூடாரத்துக்குள் வைத்துக்கொண்டு, காலையில் உதறிப் போடுங்கள். பாம்பு கடித்தால் கட்டுப் போடுவது, கீறுவது எதுவும் செய்யாமல் கடிபட்ட உறுப்பை அசைக்காமல் ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள்.

கருமணல்: அதிலுள்ள மோனசைட் என்ற தாதுவில் தோரியம் இருக்கிறது, இயற்கைக் கதிர்வீச்சு மற்ற இடங்களைவிட அங்கே அதிகம். தலைமுறைகளாக மக்கள் வாழும் இடம் அது. இரண்டு இரவுத் தங்கல் கணக்கில் வராது. அங்கே உங்களை வருத்தப் போவது சூடுதான். கருமணல் பதினொரு மணிக்கே பாதத்தைச் சுடும், கூடாரத்தின் அடித்துணி வழியாகவும் சூடு ஏறும். அழகாக மின்னுகிறதே என்று பாட்டிலில் அள்ளி வராதீர்கள். மோனசைட் அணுசக்திச் சட்டத்தின் கட்டுப்பாட்டில் உள்ள பொருள்.

---

ஆமைத்தடம்:

ஒரு விஷயம் யாரும் சொல்லவில்லை. ஜனவரி முதல் ஏப்ரல் வரை பங்குனி ஆமை கரையேறி முட்டையிடும் காலம். இரவில் மணலுக்குப் போகும்போது வெள்ளை விளக்கு வேண்டாம். வெளிச்சம் கண்டால் தாய் ஆமை முட்டையிடாமலே திரும்பிவிடும், குஞ்சு நிலத்துப் பக்கம் ஊர்ந்து காலையில் காக்கைக்கு இரையாகும். தலைவிளக்கில் சிவப்பு வெளிச்சம் இருந்தால் அதைப் போடுங்கள், இல்லையென்றால் சிவப்புக் கண்ணாடித் தாளை மூன்று மடிப்பாக ரப்பர் பேண்டு போட்டுக் கட்டுங்கள். கண் பழகிவிட்டால் நிலா வெளிச்சமே போதும்.

டிராக்டர் டயர் தடம் போல மணலில் அகலக் கோடு கடலிலிருந்து ஏறி வந்திருந்தால் அதைத் தொடராதீர்கள், மிதிக்காதீர்கள். ஆமை கண்ணில் பட்டால் அதன் பின்பக்கமாக விலகி அசையாமல் நில்லுங்கள்; ஃப்ளாஷ் படம் கூடாது. முட்டை கண்டால் தோண்டாமல் வனத்துறைக்குச் சொல்லுங்கள். 1972 வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள உயிர் அது.

கடலை நோக்கிப் பளிச்சென்று விளக்கு வைப்பதும் கூடாது. கரை விளக்குகளை அடையாளம் வைத்து வள்ளம் திருப்புகிறவர்களைக் குழப்பும்.

---

கொதும்படுப்பு:

தண்ணீர், அடுப்பு, கழிப்பறை மூன்றும் நான் சொல்கிறேன்.

தண்ணீர்: குடிக்க ஆளுக்கு நாளைக்கு மூன்றரை லிட்டர், சமைக்க ஒன்றரை. 4 பேருக்கு 2 நாள் என்றால் 40 லிட்டர், அதாவது 20 லிட்டர் கேன் 2. மூன்றாவது கேனில் சாதா தண்ணீர், முகம் கழுவவும் கால் மணலைக் கழுவவும். கடலோரக் கிணற்றுத் தண்ணீர் குளிக்க நன்று, ஆனால் மாசிக்கு மேல் உப்பு ஏறும். குடிப்பதென்றால் கொதிக்க வைத்தே. பாத்திரத்தைக் கடல்நீரும் மணலும் போட்டுத் தேய்த்து, கடைசியில் ஒரு குவளை நல்ல தண்ணீரில் அலசினால் போதும். அலசாமல் விட்டால் அலுமினியத்தில் புள்ளி விழும்.

அடுப்பு: 220 கிராம் பியூட்டேன் டப்பா அடுப்பு என்றால் 3 டப்பா. காற்றில்லாத இடத்தில் ஒரு லிட்டர் கொதிக்கப் பன்னிரண்டு, பதிமூன்று கிராம் செலவாகும்; காற்றில் இரண்டு மடங்காகும். அதற்காகத் தகரத்தை அடுப்பைச் சுற்றி முழுவட்டமாக மறைக்காதீர்கள், டப்பா சூடேறி வெடிக்கும். காற்று வரும் ஒரு பக்கம் மட்டும், ஒரு சாண் தள்ளி மறையுங்கள். அடுப்பை மணல்மேல் நேரடியாக வைத்தால் ஒரு கால் புதைந்து குழம்பு கவிழும். கீழே ஒரு பலகை.

விறகு என்றால் தோப்புக்காரர் அனுமதித்த இடத்தில் மட்டும், வெறும் தரையில். கொதும்பும் (தென்னம்பாளை) சூட்டும் (காய்ந்த ஓலைக் கட்டு) சட்டென்று பிடிக்கும், தணலுக்குச் சிரட்டை. முடிந்ததும் மணலைப் போட்டு மூடுவதுதான் இங்கே நடக்கும் பெரிய தவறு. மணலுக்கடியில் தணல் மணிக்கணக்கில் கனன்றுகொண்டே இருக்கும், மேலே பார்த்தால் தெரியாது, மறுநாள் வெறுங்காலோடு வருகிற பிள்ளை மிதிக்கும். தண்ணீர் ஊற்றிக் கிளறி, மறுபடி ஊற்றி, கை வைத்துப் பார்த்து, குளிர்ந்த கரியை அள்ளிப் போடுங்கள்.

சாப்பாடு: அவல், புட்டுமாவு, வறுத்து இடித்த கட்டிச் சம்மந்தி, மட்டிப்பழம். மரச்சீனி (மரவள்ளி) கிழங்கை அவித்த வேளையே தின்று தீர்த்துவிடுங்கள், இரவு அவித்தது காலையில் நூல் விடும். மீன், கரமடி ஏறும்போது கரையிலேயே வாங்கி அன்றே சமையுங்கள். மீன் கழிவைக் கூடாரம் பக்கம் போட்டால் இரவெல்லாம் நாய்.

கழிப்பறை: தோப்பு வீட்டில் இருந்தால் கேட்டுப் பயன்படுத்துங்கள். இல்லையென்றால் குழி தோண்ட வேண்டாம், ஏனென்றால் கடலோரத்தில் நிலத்தடி நீர் கைக்கெட்டும் ஆழத்தில், பக்கத்துக் கிணறுதான் கெடும். மூடி போட்ட 20 லிட்டர் பெயின்ட் வாளி, உள்ளே கெட்டியான பை, அரைச் சாக்கு உலர்ந்த தென்னைநார்த் தூள். கயிறு ஆலைப் பக்கம் கேட்டால் கிடைக்கும். ஒவ்வொரு முறையும் இரண்டு கை தூள் போட்டு மூடினால் நாற்றமும் இல்லை, ஈயும் இல்லை. சிறுநீர் அதில் சேரக் கூடாது. தூள் ஊறிவிட்டால் நாற்றம் அடங்காது. வீட்டுக்குக் கொண்டுவந்து உள்ளிருப்பதை வீட்டு உரக்குழியில் ஆழமாகப் புதையுங்கள். மறைப்புக்கு நாலு கம்பும் ஒரு தார்ப்பாயும்.

---

பத்து_எம்எம்:

கொதும்படுப்பு சொன்ன மூன்று கேனில் ஒன்று முதல் நாள் இரவே காலியாகும். அதைத்தான் கடலடி சொன்ன மிதவையாக்கணும், தனியாக ஒன்று சுமக்க வேண்டாம். ஆனால் வாங்கும்போதே திருகு மூடி கேனாகப் பார்த்து எடு. குளிர்நீர் இயந்திரத்தில் கவிழ்க்கிற கேனின் அமுக்கு மூடி நீரில் கழன்றுவிடும், அது மிதவைக்கு ஆகாது.

வீட்டுக்குத் திரும்பியதும் செய்யவேண்டியது ஒன்று. அன்றே கூடாரத்தை நல்ல தண்ணீரில் அலசு, சோப்பு போடாதே. ஜிப்பின் பல்லுக்குள் உப்பும் மணலும் சேர்ந்து ஓட்டியைத் தேய்த்துவிடும். பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவிக் காய்ந்த பின் மெழுகுவர்த்தியை ஒருமுறை உரசு. கம்பித் துண்டுகளைப் பிரித்து, இணைப்புக்குள் தண்ணீர் விட்டு அலசி, நிழலில் காய வை. ஈரத்தோடு மடித்தால் ஒரு வாரத்தில் பூஞ்சை பிடித்து, உள்பூச்சு பிசுபிசுத்து உரியும்.